நெருப்பு வகுத்த ஆறு ஊர்கள்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வடக்கு ஸ்டாஃபோர்ட்ஷயர் மேட்டு நிலத்தில், ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறு ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரிசையாக அமைந்திருக்கின்றன: டன்ஸ்டால், பர்ஸ்லெம், ஹான்லி, ஸ்டோக், ஃபென்டன், லாங்டன். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பல நாடுகளுக்குத் தட்டும் கோப்பையும் அனுப்பிய வட்டாரம் இது. ‘பாட்டரீஸ்’ என்ற தொழிற்பெயரே அதற்கு ஊர்ப்பெயராகவும் நிலைத்துவிட்டது. 1910இல் ஆறு ஊர்களும் ஒரே நகராட்சியாக இணைந்தன. 1925இல் ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்ற பெயரில் நகரத் தகுதியும் கிடைத்தது. இணைந்த பிறகும் ஒவ்வோர் ஊரும் தன் நகர மன்றக் கட்டடத்தையும் தன் கடைத்தெருவையும் தன் பெருமையையும் விட்டுக்கொடுக்கவில்லை. நாவலாசிரியர் அர்னால்ட் பென்னட் ஃபென்டனை விட்டுவிட்டு ‘ஐந்து ஊர்கள்’ என்று கதை எழுதியது அவ்வூர்க்காரர்களுக்கு நெடுநாள் மனக்குறை. ஒரே தொழிலை நம்பி வாழும் ஊர்கள் ஒரு பெரிய ஆலையைச் சுற்றி ஒரே மையத்தோடு வளர்வதைத்தான் தொழிற்புரட்சி வரலாற்றில் பெரும்பாலும் காண்கிறோம். இங்கே நூற்றுக்கணக்கான சிறு தொழிற்கூடங்களும் அவற்றின் மதிலை ஒட்டிய வீடுகளும் கலந்து கிடந்தன. பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் வேலையை விடாத வழக்கம் வேரூன்றியது. தொழிற்சங்கமும் தேவாலயமும் ஒரே தெருவில் வளர்ந்தன. இந்த வாழ்க்கைமுறைக்குக் காரணம் கேட்டால், அங்கே நல்ல களிமண் கிடைத்தது என்ற விடைதான் முதலில் வரும். அந்த விடை பாதிக்கு மேல் தவறு. இவ்வூர்களின் இருப்பையும் தெருக்களையும் கூலியையும் நோயையும் வகுத்தது சூளை நெருப்பு. அந்த நெருப்புக்குத் தீனியான நிலக்கரி. நெருப்பை அடக்கி ஆள வேண்டியிருந்த வேலைமுறை. சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் மண்ணின் கணக்கு. இவ்வட்டாரத்தின் அடியில் கிடப்பவை கார்பானிஃபெரஸ் காலப் படிவுகள், அதாவது முப்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சதுப்புக் காடுகளும் ஆற்றுச் சேறும் இறுகி உண்டான அடுக்குகள். நிலக்கரியும் களிமண்ணும் அவற்றில் மாறி மாறி வருகின்றன. மேட்டு நிலத்தின் சரிவில் அவ்வடுக்குகள் தரையிலேயே தலைகாட்டுகின்றன. ஆழ்சுரங்கம் தோண்டும் நுட்பம் இல்லாத காலத்திலும் ஒரு குயவர் கூடையும் மண்வெட்டியுமாகப் போய் இரண்டையும் அள்ளிவர முடிந்தது. 1448இல் ஆடம்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த இருவர் பொது வழியை ஒட்டிக் களிமண் தோண்டியதற்காகத் தண்டம் கட்டியதாக மேனர் நீதிமன்றப் பதிவு சொல்கிறது. 1686இல் ராபர்ட் பிளாட் எழுதிய ஸ்டாஃபோர்ட்ஷயரின் இயற்கை வரலாறு பர்ஸ்லெம் குயவர்களின் மண் வகைகளையும் செய்முறையையும் விரிவாக விவரிக்கிறது. அந்நாளில் அவர்கள் செய்தவை பெரும்பாலும் வெண்ணெய்ச் சட்டி போன்ற பழுப்பும் கறுப்புமான பாண்டங்கள். அவற்றுக்கு உள்ளூர் மண் போதும். ஆனால் 18ஆம் நூற்றாண்டுச் சந்தை வெள்ளைப் பாண்டத்தைக் கேட்டது. வெள்ளை மண் அங்கே இல்லை. நுண்ணிய இளநிறக் களிமண் டெவன், டார்செட் மாவட்டங்களிலிருந்து வந்தது. சீனக்களிமண் கார்ன்வாலிலிருந்து வந்தது. மண்ணை வெளுக்கச் செய்யும் சிக்கிமுக்கிக் கல் தென்கிழக்குக் கடற்கரைகளிலிருந்து வந்தது. கடல்வழியாக மெர்சி கழிமுகத்துக்கும், அங்கிருந்து ஆற்றுப்படகிலும், கடைசியில் பொதிக்குதிரை முதுகிலுமாக முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து அவை பர்ஸ்லெம் மேட்டை அடைந்தன. மண்தான் காரணம் என்றால், குயவர்கள் மண் இருக்கும் இடத்துக்குப் போயிருக்க வேண்டும். மண்தான் அவர்களைத் தேடி வந்தது.

ஏன் என்பதற்கு எடைதான் விடை. தொழில்கள் எங்கே நிலைகொள்ளும் என்பதை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் ஆல்ஃபிரட் வெபர் 1909இல் ஓர் எளிய வேறுபாட்டைச் சுட்டினார். சில மூலப்பொருள்களின் எடை பெரும்பாலும் விளைபொருளிலேயே தங்கிவிடுகிறது. சிலவற்றின் எடை செய்முறையிலேயே கரைந்துபோகிறது. இரண்டாம் வகைப் பொருள் எங்கே கிடைக்கிறதோ அந்தப் பக்கம் தொழில் இழுக்கப்படும். சீனக்களிமண்ணின் முதன்மைக் கனிமமான கேயோலினைட் சூட்டில் இழப்பது அதன் படிகத்துக்குள் கட்டுண்ட நீரை மட்டுமே. எடையில் சுமார் 14 விழுக்காடு. மீதியெல்லாம் தட்டாக வெளியே போகிறது. நிலக்கரியோ முழுவதும் புகையும் வளிமமும் சாம்பலுமாகப் போய்விடுகிறது. அதில் ஒரு துளியும் தட்டில் இல்லை. ஒரு டன் பாண்டத்தைச் சுட்டெடுக்கப் பல டன் நிலக்கரி வேண்டும் என்னும்போது, நிலக்கரியை மண்ணிடம் கொண்டுபோவதைவிட மண்ணை நிலக்கரியிடம் கொண்டுவருவதே மலிவு. இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. சூளைக்குள் பாண்டங்களைத் தீயும் புகையும் நேராகத் தொடாதபடி மூடிவைக்கும் கனத்த சுடுமண் பெட்டிகள் உண்டு. ‘சாகர்’ என்பது அவற்றின் பெயர். திரும்பத் திரும்பச் சூடேறி அவை வெடித்துப்போகும். ஓயாமல் புதிது செய்ய வேண்டும். அதற்கு ஏற்ற முரட்டுக் களிமண் நிலக்கரி அடுக்குகளுக்கு இடையிலேயே ஏராளம் கிடந்தது. கேம்பிரிட்ஜ் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில், பாண்டத்துக்கான பொருள்கள் எல்லாம் தொலைவிலிருந்து வந்தாலும் ஸ்டாஃபோர்ட்ஷயரில் தொழில் தங்கியதற்கு மலிவான நிலக்கரியையும் இந்தப் பெட்டிக் களிமண்ணையுமே காரணமாகக் காட்டினார். ஆக, உள்ளூர் மண்ணின் உண்மையான பங்கு பாண்டமாவதில் இல்லை. பாண்டத்தைச் சுமக்கும் பெட்டியாவதில் இருந்தது.

இந்த வாதத்தைச் சோதிக்க வரலாறே ஒரு பரிசோதனையை நடத்தி வைத்திருக்கிறது. கார்ன்வாலில் சீனக்களிமண் இருப்பதைக் கண்டறிந்தவர் பிளிமத் நகர மருந்து வணிகர் வில்லியம் குக்வொர்தி. 1768இல் அதைக் கொண்டு பீங்கான் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்று, மண்ணுக்குப் பக்கத்திலேயே பிளிமத்தில் அசல் பீங்கான் செய்யத் தொடங்கினார். மண் கையருகே, துறைமுகம் வாசலில், காப்புரிமையும் கையில். ஆயினும் இரண்டே ஆண்டுகளில் தொழில் பிரிஸ்டலுக்கு இடம்பெயர்ந்தது. 1781இல் காப்புரிமையை ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்களின் கூட்டு ஒன்று வாங்கிக்கொண்டது. கார்ன்வாலில் மண்ணுக்குப் பஞ்சமில்லை, நிலக்கரி இல்லை. வெல்ஷ் நிலக்கரி அங்கே கப்பலில் வர வேண்டியிருந்தது. நிலக்கரியை வெளியிலிருந்து வாங்கியே உஸ்டர், டார்பி போன்ற ஊர்கள் பீங்கான் செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்தன, ஆனால் அவை செல்வர் வீட்டு அலமாரிக்கான விலையுயர்ந்த பொருள்கள். ஒரு பொருளின் விலை ஏற ஏற அதில் எரிபொருள் செலவின் பங்கு சிறுத்துவிடும். சாதாரண வீட்டின் அன்றாடத் தட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. மக்கள் திரளாக வாழும் தொழில் வட்டாரத்தை உருவாக்குவது அந்த அன்றாடத் தட்டுதான்.

இங்கே இரண்டு வலுவான மறுப்புகள் எழும். ஒன்று, இத்தனையும் ஜோசையா வெட்ஜ்வுட் என்ற தனிமனிதரின் சாதனை என்பது. 1730இல் பர்ஸ்லெமில் பிறந்த வெட்ஜ்வுட் பெரிய ஆற்றல் படைத்தவர் என்பதில் ஐயமில்லை. இளமஞ்சள் பாண்டத்தை அரசியின் மேசைவரை கொண்டுபோனார். 1769இல் எட்ரூரியா தொழிற்சாலையைத் திறந்து வேலையைப் படிப்படியாகப் பிரித்தார். களிமண் சூட்டில் சுருங்கும் அளவை வைத்துச் சூளை வெப்பத்தை அளக்கும் கருவியை 1782இல் அறிவித்து, மறு ஆண்டு ராயல் சொசைட்டி உறுப்பினரானார். டிரென்ட், மெர்சி ஆறுகளை இணைக்கும் கால்வாய்க்கு 1766இல் முதல் மண்ணை வெட்டியவரும் அவரே. 1777இல் அது முடிந்தபோது பொதிக்குதிரையின் காலம் முடிந்தது, வண்டிப் பாதையில் உடைந்துபோன பாண்டங்கள் படகில் அலுங்காமல் போயின. ஆனால் அவர் பிறப்பதற்கு முன்பே பர்ஸ்லெம் ஒரு குயவர் ஊர். கால்வாயும் நெருப்பின் ஈர்ப்பை மாற்றவில்லை, உறுதிப்படுத்தியது: மண் வரும் செலவைக் குறைத்ததால், மண்ணைவிட்டுத் தள்ளி நிலக்கரிமேல் உட்கார்ந்திருப்பது இன்னும் இலாபமானது. இரண்டாம் மறுப்பு இன்னும் கூர்மையானது. நிலக்கரிதான் காரணமென்றால் டைன் ஆற்றங்கரையிலும் லங்காஷயரிலும் ஏன் இப்படி ஒரு வட்டாரம் எழவில்லை? அங்கெல்லாம் பாண்டத் தொழிற்கூடங்கள் இருந்தன, வட்டாரமாகத் திரளவில்லை. நிலக்கரி இன்றியமையாத நிபந்தனை, ஆனால் அது மட்டும் போதாது என்பதே நேர்மையான பதில். நிலக்கரியும் பெட்டிக் களிமண்ணும் தரைமட்டத்தில் சேர்ந்து கிடைத்ததும், போட்டிக்கு வேறு பெருந்தொழில் இல்லாத மேட்டு நிலத்தில் பல தலைமுறைக்கு முன்பே கைத்திறன் வேரூன்றியிருந்ததும் இங்கே ஒன்றுகூடின. ஒருமுறை திரண்ட திறன் மேலும் திறனை இழுக்கும். அச்சுச் செய்பவர், தூரிகை செய்பவர், வைக்கோல் வைத்துக் கட்டுபவர் என்று துணைத்தொழில்கள் வந்து சேரும்.

இனி நெருப்பு எப்படி வேலை செய்தது என்று பார்க்கலாம். சமூக வாழ்வின் திறவுகோல் அதில்தான் இருக்கிறது. இவ்வூர்களின் அடையாளமாக நின்ற புட்டிச் சூளை உண்மையில் இரண்டு கட்டடங்கள். வெளியே தெரியும் புட்டி வடிவம் காற்றை மேலிழுக்கும் புகைபோக்கியும் மழைக்காப்பும்தான். உள்ளே வட்டமான தடித்த செங்கல் சூளை தனியாக நிற்கும். அதன் அடியைச் சுற்றிப் பல தீவாய்கள். சூட்டில் செங்கல் விரிந்து பிளக்காதிருக்க இரும்புப் பட்டைகள் இறுக்கியிருக்கும். சாகர்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரைவரை அடுக்கி, வாசலைச் செங்கல் வைத்து அடைத்த பின் தீ மூட்டுவார்கள். அவசரப்பட முடியாது. தொடக்கத்தில் ஈரம் ஆவியாக மெல்ல வெளியேற வேண்டும். வேகம் கூடினால் பாண்டம் வெடிக்கும். 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் களிமண் தன் கட்டுண்ட நீரை இழந்து, மீண்டும் சேறாக முடியாத வேறு பொருளாகிறது. 573 டிகிரியில் குவார்ட்ஸ் படிகம் சட்டென்று உருமாறி விரிகிறது. ஆறும்போது அதே இடத்தில் சுருங்குகிறது. இரண்டு முறையும் விரிசல் அபாயம் உண்டு. ஆயிரம் டிகிரியைத் தாண்டிய பிறகே துகள்களுக்கு இடையில் கண்ணாடிபோன்ற உருகல் ஓடி, உடல் இறுகுகிறது. மெருகு பூசுவதற்கு முந்தைய இந்த முதல் சூட்டுக்கு இரண்டு மூன்று நாள் எரிப்பும், ஆற அதற்கு ஈடான நேரமும் பிடிக்கும். மெருகிட்ட பின் இரண்டாம் சூடு வேறு. ஒவ்வொரு தடவையும் டன் கணக்கான செங்கல்லையும் சாகரையும் சேர்த்தே சூடேற்றி, பிறகு அந்த வெப்பத்தைக் காற்றில் விட வேண்டியிருந்ததால், ஒரே எரிப்பில் பத்து டன்னுக்கும் மேல் நிலக்கரி போனது. தீ கூரைவரை எட்ட நீண்ட சுவாலை தரும் நிலக்கரி தேவை; ஆவியாகும் பொருள் மிகுந்த அந்த வகையே புகையையும் மிகுதியாகக் கக்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை புதுக் கரி போட்டதும் எரியாத தார் ஆவி கரும்புகையாகக் கிளம்பும். சூளைத் தலைவர் எரிப்பு முடியும்வரை தூக்கம் மறந்து, நிறத்தையும் மாதிரித் துண்டுகளையும் பார்த்து வெப்பத்தை மதிப்பிடுவார். அவர் கணக்கு தப்பினால் பல வாரத்து உழைப்பு ஒரே இரவில் வீண்.

இத்தகைய சூளை தொடர்ந்து ஓடாது. நிரப்பி, எரித்து, ஆற்றி, இறக்கி, மறுபடி நிரப்ப வேண்டும். நூற்பாலையின் நீராவி எந்திரம் ஆயிரம் கதிர்களை ஒரே தாளத்தில் ஓட்டுவதுபோல் இங்கே எதுவும் ஓட்டப்படவில்லை. ஒரு சூளையைக் கட்டப் பெரிய முதல் வேண்டாம். ஒரு சூளையை நிரப்பப் பலவகைக் கைகள் வேண்டும். திருகை சுற்றுபவர், தட்டு வார்ப்பவர், கைப்பிடி ஒட்டுபவர், மெருகில் தோய்ப்பவர், படம் ஒட்டுபவர், வண்ணம் தீட்டுபவர், சாகர் செய்பவர், சாகரின் அடித்தட்டை மரச் சம்மட்டியால் தட்டிப் பரப்புவதற்கே தனியாக ஒரு பையன். சூளை அடுக்குபவர்கள் தொப்பிக்குள் துணிச் சும்மாடு வைத்து, இருபத்தைந்து கிலோ எடையுள்ள சாகரைத் தலையில் சுமந்து ஏணியேறுவார்கள். இதனால் இரண்டு விளைவுகள் உண்டாயின. பெரிய ஆலை சிறியதை விழுங்கிவிட முடியவில்லை. பத்துச் சூளை வைத்தவருக்கு இரண்டு சூளை வைத்தவரைவிட எரிபொருளில் பெரிய ஆதாயம் இல்லை. எனவே ‘பாட்பேங்க்’ எனப்பட்ட சிறிய, நடுத்தரக் கூடங்கள் நூற்றுக்கணக்கில் நிலைத்தன. அவற்றின் சூளைகள் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஏறத்தாழ இரண்டாயிரம். அடுத்தது, எந்தக் கூடமும் எல்லாக் கைகளுக்கும் ஆண்டு முழுவதும் வேலை தர முடியாததால் தொழிலாளர்கள் கூடத்துக்குக் கூடம் நடந்துபோகும் தொலைவிலேயே குடியிருந்தனர். கரியடுக்கு தலைகாட்டிய வரிசை நெடுக இப்படிக் கொத்துக் கொத்தாகக் கூடங்களும் வீடுகளும் முளைத்ததால்தான் ஒரு மையம் எழாமல் ஆறு ஊர்கள் எழுந்தன.

கூலிமுறையிலும் நெருப்பின் கை தெரிகிறது. 19ஆம் நூற்றாண்டுக் குயவர்களின் பெரிய மனக்குமுறல், சூளையிலிருந்து நல்லபடியாக வெளிவந்த பாண்டத்துக்கு மட்டுமே கூலி என்ற விதி. தட்டு வார்த்தவர் தன் வேலையைக் குறையின்றி முடித்திருக்கலாம். அடுக்கியவரின் கவனக்குறைவாலோ தீ மிகுந்ததாலோ அது கோணினால் இழப்பு அவர் தலையில் விழுந்தது. முதலாளிக்கு இதில் ஒரு நியாயம் இருந்தது: பச்சைப் பாண்டத்தின் உள்குறை நெருப்பில்தான் வெளிப்படும், யார் தவறு என்று பிரித்தறிய வழியில்லை. அந்த வழியின்மையின் விலையைப் பலமில்லாதவரே கட்ட வேண்டும் என்பது மட்டும் இயற்கை விதியில்லை. 1836இன் இறுதியில் தொடங்கி மறு ஆண்டுவரை நீண்ட பெரிய வேலைநிறுத்தம் இந்த விதியையும், நவம்பர் மாதத்து மார்ட்டின்மஸ் நாளில் ஓராண்டுக்குத் தொழிலாளியைக் கட்டிப்போடும் ஒப்பந்த முறையையும் எதிர்த்தே நடந்தது. 1842 ஆகஸ்டில் சுரங்கத் தொழிலாளர் போராட்டமும் வாக்குரிமை கோரிய சாசன இயக்கமும் கலந்து கலவரமாக வெடித்தபோது பர்ஸ்லெமில் துப்பாக்கிச் சூடு நடந்து ஜோசையா ஹீப்பி என்ற 19 வயது இளைஞர் உயிரிழந்தார். 1844இல் தட்டு செய்யும் எந்திரம் வருகிறது என்ற அச்சம் பரவியதும், சங்கத் தலைவர் வில்லியம் எவன்ஸ் குயவர்களை அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கு அனுப்பி உழவராக்கும் திட்டத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது நொடித்தது. கடைசியில் 1918 ஜனவரியில், முதலாளிகளும் தொழிலாளர்களும் சமமாக உட்காரும் கூட்டுத் தொழிற்குழு பிரிட்டனிலேயே முதன்முதலாக இந்தத் தொழிலில்தான் அமைந்தது. சிறு முதலாளிகள் பலராகவும், தொழிலாளர் பிரிவுகள் பலவாகவும் சிதறிக் கிடந்த இடத்தில் எல்லோரையும் ஒரே மேசைக்கு அழைக்காமல் எந்தக் கூலி விகிதமும் நிலைக்காது என்பதை நூறாண்டுச் சச்சரவு கற்பித்திருந்தது.

குடும்பத்தின் அமைப்பும் இதே வேலைமுறையின் வார்ப்புதான். தட்டு வார்க்கும் தொழிலாளி தன் உதவியாட்களைத் தானே அமர்த்தித் தன் கூலியிலிருந்து கொடுத்தார். அந்த உதவியாட்கள் பெரும்பாலும் சொந்தப் பிள்ளைகளோ அண்டை வீட்டுப் பிள்ளைகளோ. ஈரத் தட்டை அச்சோடு தூக்கிக்கொண்டு அனலடிக்கும் உலர்த்தும் அறைக்கு ஓடி, காலி அச்சோடு திரும்பும் ஏழெட்டு வயதுப் பையன்களின் நிலையை, குழந்தைத் தொழில் ஆணையத்துக்காக 1841இல் இங்கு வந்த சாமுவேல் ஸ்கிரிவன் பதிவு செய்தார். ஆனாலும் 1864இல்தான் தொழிற்சாலைச் சட்டம் இத்தொழிலுக்கு நீட்டிக்கப்பட்டது. அந்தத் தாமதத்துக்குச் சிதறிய சிறு கூடங்களும், முதலாளிக்கும் குழந்தைக்கும் இடையில் நின்ற தந்தையும் ஒரு காரணம்: பிள்ளையை வேலை வாங்குவது பெற்றவர் என்னும்போது யார்மேல் வழக்குப் போடுவது? பெண்களின் நிலை இரு முகம் கொண்டது. ஒட்டுப்படம் பதித்தல், வண்ணம் தீட்டல், பொன்வரிக்கு மெருகேற்றல் போன்ற பணிகள் அவர்களிடம் இருந்தன. 20ஆம் நூற்றாண்டில் தொழிலாளரில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். சுரங்க ஊர்களில் பெண்ணுக்குக் கூலி வேலை அரிது. இங்கே தாயும் மகளும் தங்கள் பெயரில் சம்பளம் வாங்கினார்கள். பாட்டி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும், அடுப்பு மூட்ட நேரமில்லாத வீடுகள் தெருமுனைச் சன்னலில் ஓட்ஸ் மாவு ரொட்டி வாங்கித் தின்பதும் ஊர் வழக்கங்களாயின. டன்ஸ்டாலில் பிறந்த கிளாரிஸ் கிளிஃப், பர்ஸ்லெமில் பிறந்த சூசி கூப்பர் போன்ற வடிவமைப்பாளர்கள் இந்தப் பெண் தொழில் மரபிலிருந்து வந்தவர்கள். அதே சமயம், ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்ற வேறுபாடும் நெடுங்காலம் நீடித்தது.

அந்தச் சம்பளத்தோடு வீட்டுக்கு வந்த இன்னொன்று நஞ்சு. மண்ணை வெளுக்கவும் மெருகில் வெடிப்பு விழாமல் தடுக்கவும் சேர்த்த சிக்கிமுக்கிக் கல், சுட்டு அரைத்தால் நுண்ணிய சிலிக்காத் தூளாகிறது. ஐந்து மைக்ரானுக்கும் சிறிய துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போகும். அதை விழுங்கிச் செரிக்க முயலும் காப்பு உயிரணு தானே இறந்துவிடும். அங்கே தழும்பு விழும். தழும்பு தடித்து மூச்சை அடைக்கும். ‘குயவர் ஆஸ்துமா’ என்று ஊரார் சொன்ன நோய் இன்றைய சிலிக்கோசிஸ். 1726இலேயே தாமஸ் பென்சன் கல்லை நீருக்கடியில் அரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றதற்கு உலர்தூள் அரவைக்காரர்களைக் கொன்றதும் ஒரு காரணம். ஆனால் எலும்புச் சாம்பல் சேர்த்த பீங்கானைச் சுடும்போது வளையாமல் தாங்க அதே தூளில் புதைத்து வைப்பது தொடர்ந்தது. சுட்டபின் அந்தத் தூளைத் தூரிகையால் துடைத்தவர்கள் பெண்கள். தீங்கற்ற அலுமினாத் தூள் அதன் இடத்தைப் பிடித்தது 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். அடுத்த நஞ்சு மெருகில் இருந்த ஈயம். ஈய ஆக்சைடு மெருகை எளிதில் உருகச் செய்து பளபளப்பும் தரும். வெப்பத்தில் சிறிது கூடுதல் குறைவு இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். வெப்பம் சீராகப் பரவாத கரிச் சூளைக்கு அந்தப் பொறுமை பெரிய வசதி. அதனால்தான் ஈயத்தை விடுவது அவ்வளவு கடினமாயிற்று. விலை கொடுத்தவர்கள் மெருகில் தோய்ப்பவர்கள்: மணிக்கட்டு தளர்தல், பார்வை இழப்பு, கருச்சிதைவு. வட ஸ்டாஃபோர்ட்ஷயர் மருத்துவர் ஆர்லிட்ஜ் 1892இல் தொழில்நோய்கள் பற்றிப் பெருநூல் எழுதினார். அரசு கேட்டுக்கொண்டதன்பேரில் வேதியியலர் எட்வர்ட் தார்ப்பும் மருத்துவர் தாமஸ் ஆலிவரும் 1890களின் இறுதியில் ஆராய்ந்து, ஈயத்தை முன்கூட்டியே சிலிக்காவோடு உருக்கிக் கண்ணாடியாக்கினால் வயிற்று அமிலத்தில் அது எளிதில் கரையாது என்று காட்டினார்கள். தீர்வு கைக்கு வந்த பின்னும் கச்சா ஈய மெருகு முற்றிலும் விலக்கப்பட அரை நூற்றாண்டு ஆயிற்று.

எல்லாவற்றையும் சூளையிலிருந்து விளக்குவது மனிதர்களைக் கரித்துண்டுகளாக்கிவிடும் பொருள்முதல் கணக்கு என்று ஒருவர் சொல்லலாம். 1807 மே 31இல் அருகிலுள்ள மோ காப் குன்றின்மேல் ஹியூ போர்ன் நடத்திய திறந்தவெளிப் பிரார்த்தனையிலிருந்து ஆதி மெதடிசம் என்ற சமயப் பிரிவே பிறந்தது. அதன் இணைநிறுவனர் வில்லியம் கிளவ்ஸ் பர்ஸ்லெம் குயவர். அவர்களின் பக்தியைச் சூளையின் வெப்ப அட்டவணை விளக்குமா? விளக்காது. நெருப்பு கேள்விகளை எழுப்பியது. விடைகளை எழுதியவர்கள் மக்கள். ஒரே வகைச் சூளைக்கு அருகில் வாழ்ந்தவர்களில் ஒருவர் தேவாலயத்தில் ஆறுதல் தேடினார், ஒருவர் சங்கத்தில் சேர்ந்தார், ஒருவர் விஸ்கான்சினுக்குக் கப்பலேறினார். ஆனால் விடைகளின் வடிவத்தில்கூட வேலைமுறையின் சாயல் உண்டு. பெரிய ஆலை முதலாளி ஒருவர் கட்டித் தந்த தேவாலயத்தைவிட, சிறு சந்தா சேர்த்துத் தொழிலாளிகளே எழுப்பிய சிற்றாலயங்களே இங்கு பெருகின. உபதேசம் செய்தவர்களும் பலர் வாரம் முழுவதும் களிமண் பிசைந்தவர்கள். பர்ஸ்லெமில் 1869இல் திறக்கப்பட்ட வெட்ஜ்வுட் கல்விக்கூடமும் பொதுமக்கள் நிதியில் எழுந்ததே. எல்லாக் கூடங்களும் ஒரே வாரத்தில் சூளையை அணைத்துவிட்டு விடுமுறை விடும் ‘வேக்ஸ்’ திருவிழா மரபிலும் அதே வேலைமுறையின் சாயல் தெரியும். ஆகஸ்ட் தொடக்கத்தில் வானம் தெளிந்து தெரியும் அந்த நாள்களைக் குயவர் விடுமுறை என்ற பெயரில் ஊர் பின்னரும் விடாமல் வைத்துக்கொண்டது.

ஒரு விளக்கம் சரியா என்று அறிய, காரணத்தை நீக்கினால் விளைவு மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே காரணம் நீங்கியது. 1940இல் வெட்ஜ்வுட் நிறுவனம், சுரங்கம் தோண்டியதால் தரை தாழ்ந்து கால்வாய் மட்டத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்த எட்ரூரியாவை விட்டுப் பார்லஸ்டன் கிராமத்தில் மின்சூளைகளோடு புதிய தொழிற்சாலை தொடங்கியது. 1956இன் தூய காற்றுச் சட்டம் கரும்புகைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. வளிமமும் மின்சாரமும் கொண்ட நீண்ட சுரங்கச் சூளைகள் வந்தன. அவற்றில் பாண்டம் வண்டியில் மெல்ல நகர்ந்து போகும். ஆறும் பாண்டத்தின் வெப்பம் அடுத்த பாண்டத்தைச் சூடேற்றும். அதோடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. ஓயாமல் ஓடும் சூளைக்கு ஓயாத உற்பத்தி தேவை. அதனால் சிறு கூடங்கள் பெரிய நிறுவனங்களுக்குள் கரைந்தன. கூடத்தையும் வீட்டையும் பிணைத்த நடைதூரம் பொருளிழந்தது. எரிபொருள் குழாயிலும் கம்பியிலும் எங்கும் போகும் என்றான பின், கூலி மலிந்த நாடுகளில் அதே தட்டை அதே வெப்பத்தில் சுட முடிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை தந்த தொழில் நூற்றாண்டின் முடிவுக்குள் மிகச் சிறுத்தது. ஸ்போட் நிறுவனம் 2008இல் நொடித்தது. வாட்டர்ஃபோர்ட் வெட்ஜ்வுட் 2009 ஜனவரியில் திவால் நிர்வாகத்துக்குள் போனது. கரிச் சூளை கடைசியாக ஒருமுறை 1978இல் லாங்டனில், கிளாட்ஸ்டன் அருங்காட்சியகத்தின் முயற்சியால், பதிவுக்காக எரிக்கப்பட்டது. இன்று ஐம்பதுக்கும் குறைவான புட்டிச் சூளைகளே எஞ்சி நிற்கின்றன.

நிலக்கரி விலகிய உடனே தொழில் போய்விடவில்லையே, நாற்பது ஐம்பது ஆண்டு நின்றதே என்பது கடைசி மறுப்பு. அந்த இடைவெளியே இந்த வாதத்துக்கு ஒரு திருத்தம் தருகிறது. நெருப்பு திரட்டிய மனிதத் திறன், நெருப்பு இடம்பெயர்ந்த பிறகும் சிறிது காலம் தன் சொந்த எடையால் நிலைத்து நிற்கும். ஆனால் அதைப் புதுப்பிக்கும் தேவை அங்கேயே தொடராவிட்டால் தலைமுறைக்குத் தலைமுறை தேயும். எந்த ஊர் விருந்துக்குப் போனாலும் தட்டைத் திருப்பி அடியில் உள்ள முத்திரையைப் பார்க்கும் ஸ்டோக் பழக்கம் அப்படி எஞ்சிய அறிவின் அடையாளம். அது பெருமை தரும், கூலி தராது. எரிபொருளின் ஆட்சியும் முற்றிலும் முடிந்துவிடவில்லை. 2025 பிப்ரவரியில் பர்ஸ்லெமின் ராயல் ஸ்டாஃபோர்ட் தொழிற்சாலை மூடப்பட்டபோதும், தொடர்ந்து மற்ற கூடங்கள் தடுமாறியபோதும், ஊரில் முதலில் பேசப்பட்டது எரிவாயுக் கட்டணம்தான். ஆகவே இத்தகைய வட்டாரங்களைக் காக்க விரும்புவோர் பழைய கட்டடத்தைப் பழுதுபார்ப்பதோடும் மரபைக் கொண்டாடுவதோடும் நிறுத்திக்கொள்ள முடியாது. மலிவான, தூய்மையான வெப்பம் எங்கிருந்து வரும் என்ற கேள்வியும், அந்த வெப்பத்தை ஆளத் தெரிந்த கைகளை யார் பயிற்றுவிப்பார் என்ற கேள்வியும் சேர்ந்தே தீர்க்கப்பட வேண்டும். ஆறு ஊர்களை உண்டாக்கியவை அந்த இரண்டும்தான். ஒன்றை மட்டும் காப்பாற்றுவதால் மற்றது தானாகத் திரும்பி வராது என்பதற்கு அவற்றின் வரலாறே சான்று.